வாசிப்பவளும் கேட்க வேண்டும்



மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் சிறிய ஆலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவள் நான். இந்த ஊழியத்துக்கு முதலில் வேண்டியது என்ன என்று பெண்பிள்ளைகள் கேட்பார்கள். 'ஆசை' என்றே சொல்லி வந்தேன். அந்த ஆசைக்கும் ஒரு பாடம் தேவைப்பட்டது.

2009இல் யுத்தம் முடிந்தபின், வன்னியிலிருந்து ஓர் அக்கா எங்கள் தோட்டத்து உறவினரிடம் வந்து சேர்ந்தார். 1977 வன்செயலின் பின் மலையகத்தை விட்டு வவுனியாப் பக்கம் போன குடும்பம் அவருடையது. திரும்பி வரும்போது மகன் இல்லை. ஆலயத்தில் கடைசி வாங்கில் இருப்பார்; பாடமாட்டார். அவரைத் தேற்றுவதாக எண்ணி நான் இன்னும் வேகமாக, இன்னும் உயர்ந்த சுருதியில் வாசித்தேன். ஒருநாள் அவர் சொன்னார்: "தங்கச்சி, நீங்க நல்லா வாசிக்கிறீங்க. எனக்குத்தான் அவ்வளவு உயரத்துக்கு மூச்சு எட்டுதில்லை."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் ஆசை என் வாசிப்பை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு சுருதியை இரண்டு கட்டை இறக்கினேன். துருத்தியை மெதுவாக அமத்தினேன். அப்போதுதான் வாத்தியத்துக்கு மேலாக மனிதக் குரல் கேட்கும். அடிகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் விட்டேன்.

நமது கீர்த்தனைகளிலேயே இதற்கு வழி இருக்கிறது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் நமது இராகங்களில் பாட்டுக் கட்டினார்கள். ஒருவர் சரணத்தைப் பாட, சபையார் பல்லவியைத் திரும்பப் பாடலாம். எழுத்துத் தெரியாதவரும் களைத்தவரும் அந்தப் பல்லவியில் சேர்ந்துகொள்ள முடியும்.

சில மாதங்களின் பின் அந்த அக்கா பல்லவியை மட்டும் மெல்லப் பாடினார். சரணங்களை இன்றும் பாடுவதில்லை. நான் வற்புறுத்துவதுமில்லை.

வாத்தியம் பழக விரும்பும் சகோதரிகளே, ஆசை வேண்டாமென்று சொல்லவில்லை. கொழுந்து பறித்துக் களைத்து வந்த பின்னும் வாத்தியத்தின் முன் உட்கார வைப்பது அந்த ஆசைதான். ஆனால் ஆராதனையில் உங்கள் செவி கடைசி வாங்கில் இருக்கட்டும். அங்கே இருப்பவருக்கு எந்தச் சுருதி எட்டும் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பாடாமல் இருப்பவருக்கும் அங்கே இடமிருக்கட்டும்.