சேதி நின்ற இடம்



சென்ற மாதம் இடி மின்னலைப் பற்றி எழுதினேன். இம்மாதம் குளிரைப் பற்றி எழுதப் போகிறேன். "நம் தோட்டத்தில் ஏது குளிர்?" என்று சிரிக்காதீர்கள். நம் பிள்ளைகளில் சிலர் குளிர் நாடுகளில் வேலை செய்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தாய்மார்கள் அங்கே போய் வருகிறார்கள். அப்படிப் போன ஒரு தாயின் கதை இது.

2025 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. காலை 7 மணிக்கு என் கைத்தொலைபேசி ஒலித்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அப்போது வெள்ளி இரவு 11 மணி. பேசியவர் என்னிடம் படித்த ஒரு மாணவியின் தாயார். மகள் அங்கே தாதி. அன்று இரவு வேலை. மருமகன் வெளியூரில். வீட்டில் பாட்டியும் 8 மாதக் குழந்தையும் மட்டுமே.

"வாத்தியாரய்யா, வீடு சில்லிட்டுப் போச்சு. மகள் போனை எடுக்கல. ஒரு சட்டியில கரி போட்டு மூட்டட்டுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேண்டவே வேண்டாம் அம்மா!" என்றேன். கதவு, சன்னல் அடைத்த வீட்டில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். குழந்தைக்கு இன்னொரு சட்டை போட்டு மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிறகுதான் யோசித்தேன்.

அங்கே வீட்டைச் சூடாக்குவது எப்படி? பாய்லர் என்ற கொதிகலன் எரிவாயுவால் நீரைக் காய்ச்சுகிறது. அந்த வெந்நீர் குழாய் வழியே ஓடி, அறைகளில் உள்ள இரும்புத் தகடுகளைச் சூடாக்குகிறது. எவ்வளவு சூடு வேண்டும் என்று கட்டளை இடுவது தெர்மோஸ்டேட் என்ற சிறு கருவி. இக்காலத்தில் அதைக் கைத்தொலைபேசியிலிருந்தும் இயக்கலாம். பல கருவிகளில் கம்பி கிடையாது, வானொலி அலைதான்.

நம் பெரட்டை நினைத்துப் பாருங்கள். துரை கிராணியிடம் சொல்வார். கிராணி மண்டோரிடம் சொல்வார். மண்டோர் ஆளிடம் சொல்வார். நடுவில் ஒருவர் வாயடைத்துப் போனால் வேலை நடக்காது. அதற்கு ஆளைக் குறை சொல்லலாமா? அந்த வீட்டிலும் சேதி எங்கே நின்றது என்பதுதான் கேள்வி.

"வீட்டு வைஃபையிலதான் பேசுறீங்களா அம்மா?" "ஆமாங்க." அப்படியானால் இணையம் சரி. பாய்லர் மாடி அலமாரியில் இருந்தது. அதன் பக்கத்தில், சேதி வாங்கும் சிறு பெட்டி ஒன்று. அதில் சிவப்பு விளக்கு எரிவதாகச் சொன்னார். கையால் போடும் பொத்தானை அமுக்கச் சொன்னேன். பாய்லர் உறுமியது! பாய்லர் கெடவில்லை, குழந்தைக்கும் சூடு கிடைத்துவிட்டது. குறை தெர்மோஸ்டேட்டுக்கும் பெட்டிக்கும் இடையில்தான்.

முதலில் புது பேட்டரி போடச் சொன்னேன். பலனில்லை. "கருவி இப்போ எங்கே இருக்கு?" "கூடத்து மேசையில இருந்துச்சு. பிள்ளை சாமான் வைக்க இடம் வேணும்னு, நான்தான் சமையலறை அடுக்குல, பெரிய எவர்சில்வர் அண்டாவுக்குப் பின்னால எடுத்து வச்சேன்."

குற்றவாளி அகப்பட்டது! 1888இல் ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், வானொலி அலை துத்தநாகத் தகட்டில் பட்டுத் திரும்புவதைக் காட்டினார். எந்த உலோகமும் அப்படியே செய்யும். ஒரு பக்கம் அண்டா, மறுபக்கம் குளிர்ப்பெட்டி. நடுவில் சிக்கிய சேதி மாடிக்கு எப்படி ஏறும்? தவிரவும், அடுப்பின் அருகே இருக்கும் கருவி, வீடே சூடாக இருப்பதாக ஏமாந்துவிடும்.

பழைய இடத்தில் வைக்கச் சொன்னேன். சில நிமிடங்களில் பச்சை விளக்கு எரிந்தது. கையால் போட்டதை நிறுத்தினோம்; பாய்லர் தெர்மோஸ்டேட்டின் சொல்லை மறுபடியும் கேட்டது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 பாகை செல்சியஸாவது இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. அவ்வீடு 15இலிருந்து மெல்ல ஏறியது.

குளிர் நாட்டில் பிள்ளைகள் இருப்போர் இதை நினைவில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது குறை என்று தெரியாது. முதலில் பேட்டரி, பிறகு இடம், பிறகுதான் மற்றவை. உலோகம், பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து கருவியைத் தள்ளி வையுங்கள். கையால் போடும் பொத்தான் எங்கே என்று வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு முன்னமே காட்டி வையுங்கள். பாய்லரை மட்டும் திறக்காதீர்கள். அங்கே எரிவாயு வேலையைப் பதிவு பெற்றவர்தான் செய்யலாம் என்பது சட்டம்.

இங்குள்ளோருக்கும் இதில் பாடம் உண்டு. பிள்ளையின் பாடம் கைத்தொலைபேசியில் நின்று நின்று வருகிறதா? இணையக் கருவி குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் பல வீட்டு வைஃபையும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில், 2.4 கிகாஹெர்ட்ஸில், இயங்குகின்றன; அதனால் இரண்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள். புதுக் கருவி வாங்கக் கடன் படுவதற்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.

அந்தத் தாயார் மறுநாள் மீண்டும் அழைத்தார். "எல்லாம் என்னாலதானே வாத்தியாரய்யா?" என்று வருந்தினார். "இல்லையம்மா, அண்டாவால். கரி மூட்டுமுன் என்னைக் கேட்டீர்களே, அதுதான் பெரிது" என்றேன். தெரியாததைக் கேட்பதில் வெட்கமில்லை, வாசகர்களே. அன்று அந்தக் கேள்வி இரண்டு உயிரைக் காத்தது.