பட்ட காலிலே படும்!

'பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்' என்று சொன்ன நம் பாட்டிகளுக்கு யாரும் டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை. அதையே புள்ளிவிவரத்தோடு நிரூபித்த ஒரு புரொபசருக்கு இங்கிலாந்தில் ஓ.பி.ஈ. விருதே கொடுத்தார்கள், 1997-ல். அவர் பெயர் கென் பீஸ். (வக்கீலுக்குக் கொடுக்கிற பீஸ் இல்லை, பெயரே அதுதான்.)

ஆசாமி அடிப்படையில் மனோதத்துவம் படித்தவர். அங்கிருந்து குற்றவியல் பக்கம் வந்து மான்செஸ்டர், கனடாவின் சஸ்காட்சுவான், ஹட்டர்ஸ்ஃபீல்ட் என்று பல யுனிவர்சிட்டிகளில் பாடம் நடத்தினார்.

குற்றவியல் புரொபசர் என்றால் திருடனைப் பற்றித்தானே ஆராய்ச்சி பண்ணுவார்? அவன் மண்டை ஓடு எப்படி, அப்பா குடிகாரரா, பள்ளிக்கூடம் போனானா... ரொம்ப காலம் அப்படித்தான் நடந்தது. பறிகொடுத்தவரை யாரும் சீந்தவில்லை. கோர்ட்டில் அவர் ஒரு சாட்சி. சாட்சி சொல்லி முடித்ததும் வீட்டுக்குப் போகலாம்.

1948-ல் ஹான்ஸ் ஃபான் ஹென்டிக் என்ற ஜெர்மானியர், குற்றவாளியையும் அவனிடம் மாட்டியவரையும் ஜோடியாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். பத்து வருஷம் கழித்து மார்வின் வுல்ஃப்காங் என்கிற அமெரிக்கர், பிலடெல்பியாவில் நடந்த 588 கொலைகளை அலசிவிட்டு, நூற்றுக்கு 26-ல் முதலில் கை ஓங்கியவர் செத்துப்போனவர்தான் என்றார். கணக்கு சரிதான். ஆனால் அந்த ரூட்டிலேயே போன சிலர், எதற்கெடுத்தாலும் 'நீ என்ன பண்ணினே?' என்று பாதிக்கப்பட்டவரையே கூண்டில் ஏற்ற ஆரம்பித்தார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணிடமும் இதே கேள்வி. பெண்கள் கொதித்துப் போனார்கள். கொதிக்காமல்?

பீஸ் கேட்டது வேறு கேள்வி. 'இது எத்தனாவது தடவை?'

கேட்ட இடம் கர்க்ஹோல்ட். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல் ஊரில் இருக்கிற ஒரு குடியிருப்பு. நம்ம ஹவுசிங் போர்டு காலனி மாதிரி. இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகள், பெரும்பாலும் ஏழைபாழைகள். 1980-களின் நடுவில் அங்கே பூட்டை உடைப்பது அன்றாடக் காரியமாக இருந்தது. போலீஸ், புரொபேஷன் அதிகாரிகள், யுனிவர்சிட்டிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இறங்கினார்கள். பறிகொடுத்தவர்களைக் கேட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டார்கள், பிடிபட்ட திருடர்களையும் உட்கார வைத்துக் கேட்டார்கள்.

கிடைத்த பதில்: ஒரு தடவை திருட்டுப் போன வீட்டில் மறுபடி திருட்டுப் போகிற வாய்ப்பு, மற்ற வீடுகளைவிட நாலு மடங்கு!

"அதான் ஏற்கெனவே வழிச்சுத் துடைச்சுட்டுப் போயிட்டானே, மறுபடி எதுக்கு வர்றான்?" என்பீர்கள்.

நீங்கள் ஏன் ஸார் அதே ஓட்டலுக்கு மறுபடி போகிறீர்கள்? பூரிக் கிழங்கு நன்றாயிருந்தது, டேபிள் எங்கே என்று தெரியும், சர்வர் பழக்கம். திருடனுக்கும் அப்படித்தான். எந்த ஜன்னல் ஆடுகிறது, நாய் குரைக்குமா, கடிக்குமா, பின்பக்கம் எப்படி ஓடலாம்... எல்லாம் முதல் விசிட்டிலேயே பாடம். போன தடவை இரண்டு கையில் தூக்க முடியாமல் விட்டுப் போன சாமான் வேறு காத்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் பணத்தில் புது டி.வி. வந்திருந்தால் போனஸ்!

கர்க்ஹோல்டில் இன்னொரு கூத்து. காசு போட்டால்தான் கரண்ட்டும் காஸும் வரும் என்று பல வீடுகளில் உண்டியல் மாதிரி மீட்டர் வைத்திருந்தார்கள். திருடனுக்கு வேறென்ன வேண்டும்? உண்டியலை உடைத்து அள்ளிக்கொண்டு போனான். மீட்டர் மறுபடி நிறைந்ததும் மறுபடி வந்தான்.

வைத்தியமும் இதிலிருந்தே பிறந்தது. காலனி முழுக்கப் பூட்டு மாற்ற எந்த சர்க்காரிடமும் பணம் இல்லை. எல்லா வீட்டையும் விடு, போன வாரம் திருட்டுப் போன வீட்டை மட்டும் பார் என்றார்கள். அந்த வீட்டில் உடனே நல்ல பூட்டு, உடைத்த ஜன்னலுக்கு உறுதியான சட்டம். உண்டியல் மீட்டரைத் தூக்கு. சுற்றியிருக்கிற அஞ்சாறு வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, 'இந்த வீட்டின் மேல் ஒரு கண் வையுங்கள்' என்று கேட்டுக்கொள். பட்டுப்பூச்சியைச் சுற்றிக் கூடு மாதிரி. பெயரும் அதையொட்டியே வைத்தார்கள்.

திட்டத்துக்கு முந்தைய வருஷம் 526 தடவை கைவரிசை. முதல் வருஷம் 223. மூன்றாவது வருஷம் 132. முக்கால்வாசி காலி!

அப்புறம் கனடாவில் சஸ்காட்டூன் நகரத்து ரிக்கார்டுகளைப் புரட்டினார்கள். மறுபடி வருகிறவன் ஆற அமர வருவதில்லை என்று தெரிந்தது. முதல் மாதத்தில்தான் ஆபத்து உச்சம், வழக்கத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு. அந்த மாதத்திலும் பாதிப் பேர் ஒரே வாரத்துக்குள் ஆஜர். நாள் ஆக ஆக ஆபத்து குறைகிறது. அதாவது, 'போனஸ் வரட்டும், தீபாவளிக்கு முன்னாடி பூட்டு மாத்திக்கலாம்' என்பது திருடனுக்குச் சௌகரியமான ஏற்பாடு.

நாடு தழுவிய சர்வேயை பீஸும் அவருடைய சகா கிரஹாம் ஃபாரலும் குடைந்தபோது இன்னும் பெரிய உண்மை கிடைத்தது. ஜனங்களில் சுமார் 4 சதவீதம் பேர், மொத்தக் குற்றங்களில் சுமார் 40 சதவீதத்தை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். குற்றம் ஊருக்கெல்லாம் பொதுவாகப் பெய்கிற மழை இல்லை. சில கூரைகளில் மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் முடியாது.

பூட்டை உடைக்கிறவனாவது ராத்திரியில் வெளியிலிருந்து வருகிறான். சாவியோடு வாசல் வழியாக வருகிறவனை என்ன செய்வது? லிவர்பூல் வட்டாரத்தில், வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்கள் போலீஸைக் கூப்பிட்ட விவரத்தை ஆராய்ந்து 1994-ல் அறிக்கை வந்தது. முதல் புகார் வந்த வீடுகளில் நூற்றுக்கு 35-ல் ஐந்தே வாரத்துக்குள் அடுத்த புகார். இரண்டாவதும் ஆகிவிட்டால், மூன்றாவது ஐந்து வாரத்துக்குள் வருவது நூற்றுக்கு 45 வீடுகளில். அந்தப் பெண்களில் சிலருக்குக் கழுத்தில் செயின் மாதிரி மாட்டிக்கொள்ள ஒரு அலாரம் கொடுத்தார்கள். பொத்தானை அமுக்கினால் போலீஸுக்குத் தகவல் போகும். தாலியைவிட அது பாதுகாப்பு என்று யாராவது நினைத்திருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

இங்கேதான் பீஸும் ஃபாரலும் ஒரு பழைய ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். அந்த தேசிய சர்வேயில் ஒரு விதி. ஒரே ஆசாமி ஒருவரை எத்தனை தடவை தாக்கியிருந்தாலும் அதிகபட்சம் ஐந்து என்றுதான் எழுத வேண்டும்! வருஷத்தில் அறுபது நாள் அடி வாங்கின பெண்ணுக்குக் கணக்கில் ஐந்து அடி. மிச்சம் ஐம்பத்தைந்து? தள்ளுபடி. ஆடித் தள்ளுபடியில்கூட இவ்வளவு கிடையாது. ஒரு சிலருடைய பெரிய எண்கள் வருஷாவருஷம் கணக்கை மேலும் கீழும் ஆட்டிவிடும் என்பது காரணம். புள்ளிவிவர ரீதியாக நியாயம்தான். ஆனால் அடி வாங்கினவள் புள்ளிவிவரம் இல்லையே?

விதியை எடுத்துவிட்டுக் கூட்டிப் பார்த்து 2007-ல் அறிக்கை வெளியிட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் குற்றங்கள் கணக்கில் வராமல் போகின்றன என்று தெரிந்தது. அந்த உச்சவரம்பை அரசு புள்ளிவிவர அலுவலகம் 2019-ல்தான் மாற்றியது. அறிக்கைக்கும் மாற்றத்துக்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம். சர்க்கார் ஆபீஸ் எங்கேயும் சர்க்கார் ஆபீஸ்தான்.

இந்தப் புரொபசரின் ஆராய்ச்சியில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு உதவுவதை நாம் தர்ம காரியமாக நினைக்கிறோம். 'பாவம், ஏதாவது பண்ணுங்க.' அவர் சொன்னது, அதுதான் அடுத்த குற்றத்தைத் தடுக்கிற மலிவான வழி. அடுத்து எங்கே நடக்கும் என்று ஜோசியம் பார்க்க வேண்டாம். நேற்று நடந்த இடத்துக்குப் போனால் போதும். 90-களில் பிரிட்டிஷ் போலீஸும் இதை ஏற்றுக்கொண்டு வேலை முறையை மாற்றியது.

எனவே, எதிர்வீட்டில் திருட்டு என்றால் கூட்டமாகப் போய் "எத்தனை பவுன்?" என்று விசாரிப்பதோடு நிறுத்த வேண்டாம். அடுத்த ஒரு மாதம் அந்தப் பக்கம் ஒரு கண். மாடி வீட்டிலிருந்து ராத்திரி அழுகைச் சத்தம் கேட்டால், டி.வி. சவுண்டைக் கூட்ட வேண்டாம். மறுநாள் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்க்கும்போது, "நீ என்னம்மா பண்ணினே?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

"இதுக்கு முன்னாடியும் நடந்திருக்காம்மா?"

இப்படிக் கேளுங்கள். பதில் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். காத்திருங்கள்.