முதல் வீடும் முறையான கணக்கும்

பேரா மாநிலத்தின் தென்பகுதியில், முவாலிம் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் சிலிம் ரிவர். ஒரு காலத்தில் அதனைச் சூழ்ந்து நின்றது இரப்பர்க் காடு. இன்று எங்கும் செம்பனை. இவ்வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழனுக்கு வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. பால் வெட்டிய கை ஓய்ந்த அன்றே லயத்து வீட்டின் உரிமையும் ஓய்ந்தது. தலைமுறை தலைமுறையாக மண்ணுக்கு உரமானவனின் கையில் ஒரு சாண் மண்ணுக்கும் பட்டா இல்லை.

1950ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இக்கொடுமையின் முழு உருவமும் வெளிப்பட்டது. அதற்கு விடையாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. கூலிக்காரனும் கணக்குப் போட்டால் உடைமையாளன் ஆகலாம் என்பதற்கு அதுவே சான்று.

ஆதலின், தோட்டத்து வழிவந்த குடும்பத்துக்குச் சொந்த வீடு என்பது வெறும் வசதியன்று, அது மானம். இதனை வீட்டு வணிகன் நன்கு அறிவான். அந்த மானத்தையே தூண்டில் புழுவாக்கி அவன் வீசுகிறான். "வாடகைக்குக் கொடுக்கும் பணத்தைத் தவணையாகக் கட்டுங்கள்; வீடு உங்களுடையது" என்பது அவனது மந்திரம். கேட்க இனிக்கும் இம்மந்திரம் பாதி உண்மை. பாதி உண்மையை நம்பிக் கையெழுத்திட்டவன், முழுப் பொய்யை நம்பியவனைப் போலவே ஏலத்தில் வீட்டை இழக்கிறான்.

வாடகை கொடுத்தவனுக்கு அத்துடன் பொறுப்பு முடிந்தது. தவணை கட்டுபவனுக்கோ அது தொடக்கமே. நிலவரி, மதிப்பீட்டு வரி, தீக் காப்புறுதி, அடுக்ககமாயின் பராமரிப்புக் கட்டணம், கூரை ஒழுகினால் செப்பனிடும் செலவு ஆகிய அனைத்தும் தவணைக்கு வெளியே நிற்பவை. இவற்றை விளம்பரத் தாளில் கண்டவர் உளரோ?

இனி, தவணையைத்தான் மக்கள் சரியாகக் கணிக்கின்றனரா? இருவகைப் பிழை மலிந்துள்ளது. 200,000 வெள்ளிக் கடனை 35 ஆண்டுக்கு, அதாவது 420 மாதங்களுக்கு, வகுத்து 476 வெள்ளி என்று மகிழ்பவர் ஒரு சாரார். இவர்கள் வட்டியை மறந்தனர். பள்ளியில் கற்ற தனிவட்டி முறைப்படி 4 விழுக்காட்டை முழுத் தொகைக்கும் 35 ஆண்டுக்கும் ஏற்றி, 1,143 வெள்ளி என்று அஞ்சி ஓடுபவர் மற்றொரு சாரார். இவர்கள் கடன் குறையக் குறைய வட்டியும் குறையும் என்பதை மறந்தனர். உண்மைத் தவணை இரண்டுக்கும் இடையே நிற்கிறது: மாதம் ஏறத்தாழ 886 வெள்ளி.

அந்த முதல் 886 வெள்ளியில் 667 வெள்ளி வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 219 வெள்ளி மட்டுமே. 35 ஆண்டு முடிவில் கட்டிய மொத்தம் ஏறக்குறைய 372,000 வெள்ளி. தவணைக் காலத்தை 30 ஆண்டாகக் குறைத்தால் மாதத் தவணை 955 வெள்ளியாக உயரும். ஆயினும் மொத்தத்தில் ஏறத்தாழ 28,000 வெள்ளி மிஞ்சும். "தவணை குறைவு" என்னும் இனிய சொல்லுக்குள் "காலம் நீளம்" என்னும் கசப்பு ஒளிந்திருப்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இத்துடன் முடிந்ததா? வட்டி நிலைத்து நிற்பதன்று. பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம் 2020 ஜூலையில் 1.75 விழுக்காடு, 2023 மே மாதத்தில் அது 3 விழுக்காடாக ஏறியது, 2025 ஜூலையில் 2.75 ஆக இறங்கியது. 2020இல் 3 விழுக்காட்டு மாறும் வட்டியில் 200,000 வெள்ளி பெற்றவனின் தவணை 770 வெள்ளி. அந்த 1.25 விழுக்காட்டு ஏற்றம் முழுமையாக அவன் தலையில் விழுந்தபோது, மாதந்தோறும் 130 வெள்ளிக்கு மேல் கூடியது. சம்பளமும் அதே வேகத்தில் கூடியதா?

வயதையும் எண்ணுதல் வேண்டும். 2013 முதல் வீட்டுக் கடனின் உச்ச எல்லை 35 ஆண்டு. தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று அதே ஆண்டில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 30 வயதில் 35 ஆண்டுக் கடன் பெற்றவன் 65 வயது வரை கட்டவேண்டும். கடைசி ஐந்தாண்டுத் தவணையை யார் கட்டுவது? சேமநிதியா, பிள்ளையா? விற்ற பின்னரே கட்டும் முறையில் வாங்கிய வீடாயின் இன்னொரு சுமையும் உண்டு. வீடு எழும்பும் காலமெல்லாம் வங்கிக்கு வட்டியும், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் ஒருங்கே செலுத்த வேண்டியிருக்கும்.

எனவே முறையான கணக்கு விலையிலிருந்து தொடங்குவதன்று, சம்பளத்திலிருந்து தொடங்குவது. 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதி முதலிய பிடித்தம் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 1,500. இதில் மூன்றில் ஒரு பங்கைக் குடியிருப்புக்கு ஒதுக்கினால் 500 வெள்ளி. வரிக்கும் காப்புறுதிக்கும் பழுதுக்கும் 100 வெள்ளியைக் கழித்தால் எஞ்சும் தவணை 400. வட்டி 5 விழுக்காடாக ஏறினாலும் தாங்குமாறு கணித்தால், 35 ஆண்டுக்கு இது சுமக்கும் கடன் 79,000 வெள்ளியே. கணவன் தோட்டத்திலும் மனைவி தொழிற்சாலையிலும் இதே சம்பளம் பெற்றால், அதே முறையில் 178,000 வெள்ளி வரை போகலாம். ஆனால் மோட்டார் சைக்கிள் தவணையும் கல்விக் கடனும் அந்த மூன்றில் ஒரு பங்கிலிருந்தே முதலில் கழிய வேண்டும். ஒருவர் வேலை இழந்தால் மற்றவர் எத்தனை மாதம் தாங்குவார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

"அங்ஙனமாயின் ஏழைக்கு வீடே கூடாது என்கிறீரோ?" என்று சிலர் சீறக்கூடும். அன்று! அக்கணக்கு ஏழையைக் குற்றஞ்சாட்டவில்லை. "மலிவு வீடு" என்று மேடையில் முழங்குவோரைக் குற்றஞ்சாட்டுகிறது. 1982இல் மலிவு வீட்டின் விலை 25,000 வெள்ளி என வரையறுக்கப்பட்டது. 1998இல் அது இடத்துக்கேற்ப 42,000 வரை உயர்த்தப்பட்டது. அன்றைய வரையறையில் ஒரு தெளிவேனும் இருந்தது. இன்று "கட்டுப்படியாகும் வீடு" என்று அறிவிப்போரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்தச் சம்பளக்காரனுக்குக் கட்டுப்படி? இதற்கு எண்ணால் விடை கூறாத அறிவிப்பு, வீட்டுத் திட்டமன்று, வெறும் விளம்பரம்.

2008இல் தோன்றிய வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனம் நிலையான சம்பளச் சான்று இல்லாதோர்க்கும் கதவைத் திறந்தது. 2011இன் முதல் வீட்டுத் திட்டம் முன்பணம் இன்றியே கடன் பெற வழி செய்தது. நல்லவையே. ஆனால் முன்பணம் இல்லையேல் கடன் பெரிது. கடன் பெரிதாயின் தவணையும் பெரிது. கடன் கிடைப்பது வேறு. கடனைத் தாங்குவது வேறு. வங்கி தன் பணம் திரும்புமா என்றே பார்க்கும். பிள்ளைக்குப் பால்மாவு மிஞ்சுமா என்று பார்ப்பது வீட்டாரின் கடமை.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கும் ஒரு சொல் உண்டு. அரசு ஊழியராகிய ஆசிரியர்க்குப் பொதுத்துறை வீட்டு நிதி வாரியம் 4 விழுக்காட்டு மாறா வட்டியில் கடன் தருகிறது. அவர் தம் அனுபவத்தை அளவுகோலாக்கி, "துணிந்து வாங்கு" என்று பழைய மாணவனுக்கு அறிவுரை கூறுதல் பொருந்தாது. அவன் நிற்பது மாறும் வட்டியின் மேல்.

ஆசிரியர் தரவேண்டியது துணிவுரையன்று, கணக்கு. ஆறாம் ஆண்டு மாணவனுக்கு விழுக்காடு தெரியும். கற்பனைக் கடன் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, பன்னிரண்டு மாத வட்டியையும் குறையும் அசலையும் வரிசையாகக் கழிக்கச் செய்தால், ஒரே பாட வேளையில் அவன் வங்கித் தாளைப் படிக்கக் கற்பான். ஒவ்வொரு 100,000 வெள்ளிக்கும், 35 ஆண்டில், 4 விழுக்காட்டில் 443, 5 விழுக்காட்டில் 505 என்னும் இரு எண்களை வாய்ப்பாடுபோல் அவன் நெஞ்சில் பதிக்கலாம். அன்று மாலையே அது தாய் தந்தையின் காதுக்கும் எட்டும்.

வருவாய் சிறிதாயினும் செலவு அதனை விஞ்சாவிடில் கேடில்லை என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். மாற்றான் படையை அளக்கும் இடத்தில் அவர் வரவு செலவையும் அளக்கச் சொன்னது சிந்திக்கத்தக்கது. லயத்தை விட்டு வந்தவனுக்கு வீடு கட்டாயம் வேண்டும். அது அவன் சம்பளம் தாங்கும் வீடாக இருக்கட்டும்; அத்தகைய வீட்டைக் கட்டித் தருமாறு ஆட்சியாளரிடம் எண்ணோடு சென்று கேட்கும் சமுதாயமாகத் தமிழர் சமுதாயம் எழட்டும்!