ஐந்நூறு கிராம் பாதுகாப்பு

கைத்துப்பாக்கி மதிப்புரைகளைத் தமிழ் எழுத்தாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் சில மாதங்களாகச் சொல்லிவருகிறார். அவர் காட்டும் உதாரணம், தொழிற்சாலையிலேயே மெருகேற்றி விற்கப்படும் சிறிய 9 மி.மீ. பிஸ்டல் ஒன்றைப் பற்றிய நீண்ட அமெரிக்கக் கட்டுரை. பொருளைப் பொருளாகப் பார்க்கும் உரைநடை, மிகையுணர்ச்சி கிடையாது, ஒவ்வொரு பெயரடைக்கும் பின்னால் ஓர் அளவு இருக்கிறது என்பது அவர் தரப்பு. ரிவால்வரிலிருந்து மேகஸினைக் கழற்றும் பாத்திரங்கள் நம் கதைகளில் இன்னமும் உலவுவதால், அவர் சொல்வதில் பாதியை மறுப்பின்றி ஒப்புக்கொள்கிறேன். மறுபாதியோடுதான் சண்டை.

அத்தகைய கட்டுரைகளில் ஆகச் சிறப்பாக விவரிக்கப்படுவது ரெட் டாட் என்னும் குறிபார்க்கும் கருவி. பழைய வகைப் பிஸ்டலில் பின்னாலுள்ள பிளவு, முன்னாலுள்ள முனை, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். கண்ணோ ஒரு சமயத்தில் ஒரு தொலைவில்தான் கூர்மை கொள்ளும். ரெட் டாட்டில் சிறு விளக்கொன்றின் ஒளி சாய்ந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இலக்கின் மேலேயே சிவப்புப் புள்ளியாகத் தெரிகிறது. இலக்கைப் பார்த்தால் போதும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் பழகாத கை பிஸ்டலைச் சற்றே கோணலாக உயர்த்தினால் புள்ளி கண்ணாடிக்குள் வராது. அதைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். பேட்டரி தீர்ந்தால் புள்ளியே இல்லை. இவற்றையெல்லாம் மதிப்புரையாளர் நேர்மையாகவே எழுதுகிறார். அவர் எழுதாமல் விடுவது, அந்தப் புள்ளி யார்மேல் விழுகிறது என்பதை. அங்கே எப்போதும் முகமற்ற ஓர் அந்நியன் நிற்கிறான். இரவில், சில அடி தூரத்தில், சட்டத்தை மீறி உள்ளே நுழைந்தவன். கருவியைப் பிடித்திருப்பவர் பக்கம் சட்டம் இருக்கிறது என்பதும் கேள்வியின்றி ஏற்கப்பட்ட விஷயம்.

அது அவர்கள் ஊர்க் கற்பனை, நமக்கென்ன என்று விட்டுவிடலாம். நம் நாட்டில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட தோட்டா அளவு. சாதாரணக் குடிமகனுக்கு உரிமம் கிடைக்காது. ஆனால் அந்த அந்நியனை நம் அரசு நிறுவனமே ஒருமுறை இங்கே இறக்குமதி செய்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பின், 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. அச்சமற்றது என்று பொருள். டைட்டானியம் கலந்த உலோகம், .32 தோட்டா, எடை ஏறத்தாழ 500 கிராம், விலை ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய். பெண்களுக்கானது என்று விளம்பரப்படுத்தப்பட்டு, நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வந்தது. கைப்பையில் அடங்கும் என்பது அதன் பெருமை.

நண்பரின் முறைப்படியே இதை மதிப்பிடலாம். எடை குறையக் குறைய அதே தோட்டா கையை அதிகமாக உதைக்கும், இது இயற்பியல். .32 மென்மையான தோட்டா என்பதால் அந்த உதை தாங்கக்கூடியதே. விசையை ஒரே இழுப்பில் அழுத்திச் சுட்டால் விரலுக்கு வலு வேண்டும், குறி விலகும். குட்டையான குழலில் முன்முனைக்கும் பின்பிளவுக்கும் இடைவெளி குறைவு, சிறு பிழையும் பெரிதாகும். ஆகவே நிறையப் பயிற்சி வேண்டும். மதிப்புரை இங்கே முடிந்துவிடும். நான் தருமபுரி மாவட்டத்துக்காரன். எனக்கு இங்கேதான் தொடங்குகிறது.

அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. மலையாளி பழங்குடியினர் ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைப் பிடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் புகுந்தவர்களில் 269 பேர் பின்னர் குற்றம் சாட்டப்பட்டனர். வனத் துறை 155, காவல் துறை 108, வருவாய்த் துறை 6. வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். பிறகு பெண்களும் குழந்தைகளும்தாம் கைதிகளாகச் சேலம் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

அந்த ஊரின் ஏதாவதொரு குடிசையில் அந்த ஐந்நூறு கிராம் இருந்திருந்தால்? ரெட் டாட் பொருத்தியதாகவே இருக்கட்டும். புள்ளி சீருடையின் மேல் விழுந்திருக்கும். அடுத்த கணம் அவள் கொலைகாரி, ஊர் ஆயுதக் கும்பல். வீரப்பனைக் காரணம் காட்டி எதையும் செய்யலாம் என்றிருந்த காலம் அது. அவர் இதே மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டது 2004இல்தான். சுடாமல் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாலும் சோதனையில் அகப்பட்டிருக்கும். கடத்தல் குற்றச்சாட்டுக்கு அதைவிடப் பெரிய சான்று தேவைப்பட்டிருக்காது. உரிமம் வாங்கி வைத்திருக்கலாமே என்பார் நண்பர். உரிமம் தர வேண்டியது மாவட்ட நிர்வாகம், அதற்கு அறிக்கை தர வேண்டியது காவல் துறை. ஊருக்குள் வந்தவர்கள் யார் என்று மேலே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

வாச்சாத்தி விதிவிலக்கு, அதை வைத்து ஒரு கருவியை எடைபோடக் கூடாது என்று அவர் மறுத்தார். சரி, விதிக்கே வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் அறிக்கைகளில், வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவன் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவன். உறவினன், பக்கத்து வீட்டுக்காரன், வேலை கொடுத்தவன். பதினைந்து வயதுப் பெண் சித்தப்பாவை எதிர்பார்த்துக் கைப்பையைத் திறந்து வைத்திருப்பாளா? அந்நியன்தான் இங்கே விதிவிலக்கு. அவனுக்காகவே செய்யப்பட்ட கருவியை அவனை வைத்தே சோதித்துத் தேர்ச்சி என்று எழுதுவதைத்தான் நண்பர் துல்லியம் என்கிறார்.

பெண்கள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்று நான் சொன்னதாகப் பின்னூட்டம் எழுதத் தயாராகிறவர்கள் சற்றுப் பொறுக்கவும். யார் வேண்டுமானாலும் ஏந்தட்டும். ஆயுதத்தை மட்டும் பார்த்து, அதைப் பிடிக்கும் கையையும் எதிரே நிற்கும் உடலையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளும் எழுத்தைப் ‘புறவயமான உரைநடை’ என்று இலக்கிய மாதிரியாக நீட்டுவதையே மறுக்கிறேன். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். வில்லும் வாளும் அங்கேயும் செதுக்கப்பட்டிருக்கின்றன. கூடவே எந்த அரசன் ஆண்ட எத்தனையாவது ஆண்டில், யாருடைய ஆள், எந்த ஆநிரைக்காகப் பட்டான் என்று நாலு வரிக்குள் சொல்லிவிடும் கற்களும் இருக்கின்றன. பெயரடையே இல்லை. சுருக்கம் வேண்டுமென்றால் அதைப் படிக்கலாமே.

வாச்சாத்திப் பெண்கள் சுடவில்லை, சாட்சி சொன்னார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 1995இல் சிபிஐ விசாரணைக்கு வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அந்த 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சம்பவத்துக்கும் முதல் தீர்ப்புக்கும் நடுவே 19 ஆண்டுகள். அவ்வளவு காலம் வழக்குக்கு நடந்தவர்களில் எவரிடமும் இருந்திராத 1.22 லட்சத்தைப் பற்றி இனி நண்பர் எழுதும்போது, ‘பயனாளர்’ என்ற சொல் வருமிடத்தில் அரூர் வட்டத்துப் பெண் ஒருத்தியை வைத்து அந்த வாக்கியத்தை முடித்துக் காட்டட்டும்.