மருத்துவச் சொல்லைப் பிரித்தால் புரியும்

மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் துண்டுகளைப் பொருத்திச் செய்தவை. ‘ஹெப்பட்டைட்டிஸ்’ என்பதில் ‘ஹெப்பட்’ ஈரலையும் ‘ஐட்டிஸ்’ அழற்சியையும் குறிக்கும். ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி அகற்றுதல்; ‘அப்பெண்டிக்ஸ்’ என்பது குடல்வால். ‘அப்பெண்டிசெக்டமி’ என்று மருத்துவச் சீட்டில் கண்டு கலங்குபவருக்கு, குடல்வாலை எடுக்கப் போகிறார்கள் என்பது இவ்வளவிலேயே விளங்கிவிடும்.

மருத்துவத்துக்கு விளங்கும் சொல் ஆக்குவது தமிழுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1864 முதல் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், சத்திரசிகிச்சை நூலுக்கு இட்ட பெயர் ‘இரண வைத்தியம்’. இரணம் என்றால் புண், பாமரருக்கும் பிடிபடும். உடற்கூற்றியலுக்கு அவர் வழங்கிய ‘அங்காதிபாதம்’ என்ற சொல் அவ்வளவு எளிதல்ல என்பதும் உண்மை.

நோயாளருக்கும் இப்படிச் சொற்கள் விளங்க, யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில், அடிக்கடி வரும் சொற்பகுதிகளுக்குத் தமிழ்ப் பொருள் எழுதிய பலகையொன்று வைக்கப்பட வேண்டும்.