ஊர் இப்படியே இருக்கணும்னா அதுக்கு யார் காசு கொடுப்பாங்க?

போன மாசம் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் சென்னையிலிருந்து குடும்பத்தோட வந்திருந்தான். காரில் மலைமேல போகாம, படி ஏறித்தான் சாமி பார்க்கணும்னு அவன் மனைவிக்கு வேண்டுதல். 365 படி. பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தா ஊர் மொத்தமும் தெரியும். கீழே சரவணப் பொய்கை, அதைத் தாண்டி வீடுகள், ரயில் பாதை, அப்புறம் நெல்லும் கரும்புமா பச்சை, நடுவில் தகடு வச்ச மாதிரி ஏரித் தண்ணி, தூரத்தில் நகரி மலை. ரொம்ப நேரம் பார்த்துட்டு நண்பன் சொன்னான்: "இந்த ஊர் இப்படியே இருக்கணும்டா. மெட்ராஸ் மாதிரி ஆக விட்றாதீங்க."

பத்து படி ஏறியிருப்போம். அவனே மறுபடி: "அந்த ஏரிப் பக்கம் ரெண்டு கிரவுண்டு கிடைச்சா சொல்லுடா. லீவுக்கு வந்து தங்க ஒரு சின்ன வீடு கட்டிக்கலாம்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவன் மேல தப்பில்லை. மலையிலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரு காட்சி. ஆனா அந்தக் காட்சியில் இருக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சர்வே நம்பர் இருக்கு, ஒரு பட்டாதாரர் இருக்கார், பெரும்பாலும் அவருக்குக் கூட்டுறவு சங்கத்தில் ஒரு கடனும் இருக்கு. காட்சி அப்படியே இருக்கணும்னா அந்தப் பட்டாதாரர் விற்காம இருக்கணும். அவர் ஏன் விற்காம இருக்கணும்? இதுக்கு யாரும் பதில் சொல்றதில்லை.

2011 கணக்கெடுப்புப்படி திருத்தணி நகராட்சியில் சுமார் 45 ஆயிரம் பேர். சின்ன ஊர்தான். ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் காவடியும் பூவுமா ஊர் கொள்ளாது. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் நாங்க ஆந்திராவில் இருந்தோம். ம.பொ.சி. நடத்தின எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் தாண்டி இந்தப் பக்கம் வந்தோம். இன்னைக்கும் பாதி வீட்டில் ரெண்டு மொழி ஓடும். எங்க பெரியவங்க ஏரியைச் 'செருவு'ன்னு தெலுங்கில்தான் சொல்வாங்க. முருகன் கோபம் தணிந்த இடம், அதனால் 'செருத்தணி', அதுவே திருத்தணி ஆச்சுன்னு ஊர்ப் பெயருக்குக் கதை சொல்வாங்க. அந்தச் செரு போர். ஆனா எங்க ஊர் வாழ்றது இந்தச் செருவை வச்சுத்தான்.

நில விலை எப்படி ஏறினதுன்னு கொஞ்சம் சொல்றேன். சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரா இருந்தது. 2018-ல் அதை 8,878 ஆக்கப் போறதா அரசு அறிவிச்சது. திருவள்ளூர் மாவட்டம் முழுக்க அதில் சேர்த்தி. அதாவது ஆந்திர எல்லை வரைக்கும் சென்னைதான். பிறகு 2022-ல் அதை 5,904 ஆகக் குறைச்சாங்க. வரைபடத்தில் கோடு பின்னாடி போச்சு. விலை பின்னாடி போகலை. புரோக்கர் கோட்டைப் பார்த்து வேலை செய்றதில்லை, பேச்சைப் பார்த்துத்தான். திருப்பதி நெடுஞ்சாலை இருக்கு, சென்னைக்கு மின்சார ரயில் இருக்கு, பள்ளிப்பட்டுப் பக்கம் சித்தூர்–தச்சூர் ஆறு வழிச்சாலை வருது. இது போதும் அவங்களுக்கு. நெடுஞ்சாலை ஓரம் கலர் கொடி பறக்குதுன்னா அங்க போன வருஷம் வேர்க்கடலை இருந்ததுன்னு அர்த்தம்.

முன்ன மாதிரி இஷ்டத்துக்குக் கல் நட முடியாதுன்றதும் உண்மைதான். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. 2017-ல் வரன்முறை விதிகள் வந்தது. இப்ப லேஅவுட் போடுறவர் நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் அனுமதி வாங்கணும், ரோடு இத்தனை அடி அகலம் விடணும், பெரிய மனைப்பிரிவா இருந்தா பத்து சதவீதம் பொது இடமா விடணும். நல்ல விஷயம். வாங்கி ஏமாந்தவங்க கதை குறைஞ்சிருக்கு.

ஆனா இந்த அனுமதி எல்லாம் ஒவ்வொரு மனைப்பிரிவையும் தனித்தனியா பார்க்குது. தனியா பார்த்தா ஒவ்வொண்ணும் சரிதான். பத்து சேர்ந்தா என்ன ஆகும்னு பார்க்க ஆள் இல்லை. எங்க ஏரிக்கு மேற்கே மேட்டு நிலத்தில் ஒரு மனைப்பிரிவு வந்தது. எல்லா அனுமதியும் உண்டு. ரோட்டுக்குக் கிராவல் கொட்டி மூணு அடி உயர்த்தினாங்க, குறுக்கே ரெண்டு குழாய் போட்டாங்க. பேப்பரில் கால்வாய் கால்வாயாத்தான் இருக்கு. அந்த வருஷம் ஐப்பசி மழையில் தண்ணி குழாயில் போக முடியாம எதிர்த்து வந்து ஒருத்தர் கடலைக் கொல்லையில் நாலு நாள் நின்னது. ஏரி முக்கால் கூட நிறையலை. கலங்கல் ஓடாத வருஷமா அது போச்சு, நல்ல மழை பெய்ஞ்ச வருஷத்தில்!

ஏரின்னா நகரத்தில் இருக்கிறவங்க தண்ணி நிக்கிற இடத்தை மட்டும் நினைக்கிறாங்க. அது ஏரியில் பாதிதான். மேலே மழை விழுந்து ஓடி வர்ற மேடு, வரத்துக் கால்வாய், கீழே மதகு, அதில் பாயுற ஆயக்கட்டு நஞ்சை, கடைசியில் அடுத்த ஏரிக்குப் போற கலங்கல், எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. ஏரிப் புறம்போக்கை யாராவது ஆக்கிரமிச்சா கேஸ் போடலாம். ஆயக்கட்டை யாரும் ஆக்கிரமிக்க வேண்டியதில்லை, நாங்களே விற்கிறோம், பதிவு செஞ்சு, முத்திரைத்தாள் கட்டி. ஆயக்கட்டு போயிட்டா மதகைத் திறக்க ஆள் இல்லை. மதகு திறக்காத ஏரியைத் தூர் வார யாரும் கேட்க மாட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு, "சும்மா கிடக்கிற இடம்தானே"ன்னு ஒரு பஸ் ஸ்டாண்டோ ஆபீஸோ அதில் வரும். தி.நகர் நிக்கிறது ஏரிதான். வள்ளுவர் கோட்டம் நிக்கிறது நுங்கம்பாக்கம் ஏரி. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரியில்தான் இருக்கு. இது எந்தக் கட்சியும் தனியா செஞ்ச வேலை இல்லை, நூறு வருஷப் பழக்கம்.

இதில் உங்களுக்கு என்னன்னு கேட்கலாம். திருத்தணி ஓரமா போற நந்தி ஆறு கொசஸ்தலை ஆற்றில் சேருது. கொசஸ்தலை பூண்டிக்குப் போகுது. பூண்டி 1944-லிருந்து சென்னை குடிக்கிற தண்ணி. ஆந்திராவில் அம்மப்பள்ளி அணையைத் திறந்தா பள்ளிப்பட்டுத் தரைப்பாலம் முழுகும், அதே தண்ணிதான் கீழே உங்களுக்கு வருது. இங்க ஏரிகள் பிடிச்சு நிறுத்தாத தண்ணி மொத்தமா ஒரே நாளில் இறங்கினா என்ன ஆகும்னு 2015 டிசம்பர் பார்த்தவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் திருத்தணிக்கோ சுற்றி இருக்கிற ஒன்றியங்களுக்கோ முழுமைத் திட்டம் எழுதுறவங்க முதல் தாளில் மஞ்சள், சிவப்பு கலர் போடக் கூடாது. முதல் தாளில் தண்ணி வர்ற வழி, போற வழி மட்டும் போடணும். அதை மூடாத இடத்தில் ரெண்டாவது தாள் விரிக்கட்டும். வீடு வேண்டாம்னு நான் சொல்லலை. எங்க பசங்களுக்கும் வீடு வேணும். மேட்டுப் புஞ்சையில், கால்வாய்க்குக் குறுக்கே நிக்காத இடம் இன்னும் நிறையவே இருக்கு.

மலையடிவாரத்துக்கு ஒரு உயர வரம்பு வேணும். மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு 9 மீட்டருக்கு மேல கட்டக் கூடாதுன்னு விதி உண்டு. மீறின கட்டடங்களைப் பற்றி வழக்கு நடந்துக்கிட்டே இருக்குன்றதும் தெரியும். ஆனா விதி இருந்தாத்தான் வழக்காவது போட முடியும். பழனியைப் பாருங்க. கிரிவீதியை வருஷக்கணக்கா கண்டுக்காம விட்டு, கடைசியில் நீதிமன்றம் சொல்லி ஆக்கிரமிப்பு எடுத்து, 2024 மார்ச்சில் வண்டிகளை நிறுத்தினாங்க. பக்தர்களுக்கு நல்லது. ஆனா முப்பது வருஷமா பஞ்சாமிர்தமும் பொம்மையும் விற்ற தள்ளுவண்டிக்காரன் அன்னைக்கு எங்க போவான்? முன்னாடியே கோடு போட்டிருந்தா அவனுக்கும் ஒரு இடம் குறிச்சிருக்கலாம்.

கோடு மட்டும் போட்டா போதுமான்னா, போதாது. கடற்கரை ஊர்களுக்கு 1991-லிருந்து ஒழுங்காற்று மண்டலம் இருக்கு. மாமல்லபுரத்துக்கு அதோட தொல்லியல் துறை கோடும் உண்டு: சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குக் கட்டவே கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். இவ்வளவு இருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனா கடலைவிட காம்பவுண்டு சுவர்தான் அதிகம் தெரியுது. கட்டடத்தைத் தடுக்கிற கோடு, அங்கேயே பிழைக்கிற ஆளை நிறுத்தி வைக்கிறதில்லை.

பிழைப்பைப் பற்றி ஒண்ணு சொல்லணும். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தெருவில் நடந்தா வீட்டுக்குள்ள தறி ஓடுற சத்தம் கேட்கும். முன் அறையில் தறி, பின் அறையில் குடித்தனம். திட்ட வரைபடத்தில் இந்தத் தெருவுக்கு என்ன கலர் போடுவீங்க? குடியிருப்புன்னா தறி தப்பு, தொழில்னா குடித்தனம் தப்பு. சின்ன ஊர்ன்றதே இந்தக் கலப்புத்தான். அதைப் பிரிச்சுப் போட்டுட்டு 'பாரம்பரிய ஊர்'னு போர்டு வச்சா ஆச்சா?

இப்ப என் விஷயத்துக்கு வர்றேன். ஒரு திட்டம் வருது, என் மூணு ஏக்கர் ஆயக்கட்டு நஞ்சைக்குப் பச்சை கலர் போடுறாங்கன்னு வச்சுக்குங்க. எனக்கு மனசுக்குள்ள சந்தோஷம்தான். ஆனா மறுநாளே நிலத்தின் விலை விழும். சாலைக்கு அந்தப் பக்கம் மஞ்சள் விழுந்த புஞ்சைக்காரர் விலை ஏறும். ரெண்டு பேரும் ஒரே நாளில் பிறந்தவங்க மாதிரி, ஒரு பேனா கோட்டில் ஒருத்தர் பணக்காரர் ஆவார், ஒருத்தர் ஊருக்குப் பூங்கா வளர்க்கிற கூலி இல்லாத தோட்டக்காரர் ஆவார். விவசாயிகள் மண்டலத் திட்டத்தை எதிர்க்கிறாங்கன்னு பேப்பரில் படிக்கும்போது நகரத்தில் இருக்கிறவங்க 'பேராசை'ன்னு நினைக்கிறாங்க. பேராசை இல்லைங்க, கணக்கு.

இந்தக் கணக்கை நேர் செய்ய வழி இருக்கு. அமெரிக்காவில் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் மாண்ட்கோமரின்னு ஒரு மாவட்டம். 1980-ல் 93,000 ஏக்கரை விவசாயத்துக்குன்னு ஒதுக்கி, 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான்னு சட்டம் போட்டாங்க. ஆனா சும்மா போடலை. அஞ்சு ஏக்கருக்கு ஒரு வளர்ச்சி உரிமைன்னு சான்று கொடுத்தாங்க. அதை நகரத்தில் கூடுதல் வீடு கட்ட விரும்புற கட்டுமானக்காரருக்கு விவசாயி விற்கலாம். நிலம் இவர்கிட்டயே இருக்கும், விவசாயம் தொடரும், பணமும் வரும். நம்ம தமிழ்நாட்டிலும் இந்த மாதிரிச் சான்று விதியில் இருக்கு. ஆனா சாலை அகலப்படுத்த இடம் விடுறது மாதிரியான விஷயங்களுக்குத்தான் பயன்படுது. ரோட்டுக்கு நிலம் விடுறவனுக்குக் கொடுக்கிறதை ஏரிக்கு நிலத்தை வச்சிருக்கிறவனுக்கு ஏன் கொடுக்கக் கூடாது? சென்னையில் கூடுதல் மாடி கட்டுறவர் எங்க ஆயக்கட்டுச் சான்றை வாங்கட்டும். அந்த மாடிக்குப் போற தண்ணியும் இந்தப் பக்கத்திலிருந்துதானே வருது!

புது யோசனை மாதிரி தெரியலாம், ஆனா சென்னை இதைப் பாதி செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. 2019 வறட்சியில் திருவள்ளூர் மாவட்ட விவசாயக் கிணறுகளிலிருந்து குடிநீர் வாரியம் காசு கொடுத்துத் தண்ணி எடுத்தது. தண்ணி தீர்ந்து போற வருஷத்தில் தண்ணிக்கு விலை கொடுப்போம், தண்ணியை மண்ணுக்குள்ள இறக்குற நிலத்துக்கு மத்த வருஷங்களில் ஒண்ணும் கொடுக்க மாட்டோம்னா, அந்த நிலம் எத்தனை வறட்சி வரைக்கும் நிக்கும்?

என் தம்பி அம்பத்தூரில் இருக்கான். பாகம் பிரிக்கலை, பட்டா ரெண்டு பேர் பேரிலும் கூட்டா இருக்கு. பொண்ணை இன்ஜினியரிங் சேர்க்கணும். போன வாரம் போன் பண்ணி, "அண்ணா, ஏரிக்கரைப் பக்கம் சென்ட் என்ன விலை போகுதுன்னு விசாரிச்சியா?"ன்னு கேட்டான். குரலில் சங்கடம் தெரிஞ்சது. அவன் கேட்டது நியாயம். என்கிட்ட அவனுக்குக் கொடுக்க ஒரு சான்றும் இல்லை, பணமும் இல்லை, போன வருஷம் கலங்கல் ஓடினதுன்ற செய்தி மட்டும்தான் இருந்தது. கிருத்திகைக்கு வாடா, நேரில் பேசிக்கலாம்னு சொல்லி வச்சேன். நண்பனுக்கும் இன்னும் பதில் சொல்லலை. அவன் கேட்ட ரெண்டு கிரவுண்டு அந்த மூணு ஏக்கரில்தான் வரும்.