36 மணி நேர டியூட்டி நல்ல மருத்துவரை உருவாக்குவதில்லை

“நாங்களும் இப்படித்தான் கற்றோம். இரண்டு பகல், ஓர் இரவு தூங்காமல் வார்டில் நின்றால்தான் டாக்டர் ஆக முடியும்.” மூத்த மருத்துவர்கள் பலர் உண்மையாகவே நம்பிச் சொல்லும் வாதம் இது. அவர்களுடைய உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. வாதத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. பாஸ்டனைச் சேர்ந்த தூக்க ஆய்வாளர் சார்ல்ஸ் சைஸ்லரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகள் அதை அடியோடு அசைத்துவிட்டன.

‘உடம்பு பழகிவிடும்’ என்பதுதான் இந்த வாதத்தின் அடித்தளம். மங்கலான வெளிச்சம் மட்டுமே உள்ள ஆய்வகத்தில் இளைஞர்களையும் முதியவர்களையும் வாரக்கணக்கில் தங்கவைத்து, 28 மணி நேரத்தை ஒரு ‘நாள்’ ஆக்கிப் பார்த்தார் சைஸ்லர். உறங்குவதும் எழுவதும் அந்த அட்டவணைப்படியே நடந்தன. உடல் கடிகாரம் மட்டும் இசையவில்லை. சராசரியாக 24 மணி 11 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று அது தன்போக்கில் ஓடியது. வயதானாலும் இளமையானாலும் ஏறக்குறைய இதே கணக்குதான். 1999-இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த முடிவு வெளிவந்தது. மன உறுதி எவ்வளவு இருந்தாலும் அந்தக் கடிகாரத்தை இஷ்டப்படி நீட்ட முடியாது. விடிவதற்கு முந்தைய மணிகளில் உடல் வெப்பம் இறங்கி, விழிப்பு மங்குகிறது. முந்தின நாள் காலையிலிருந்து விழித்திருப்பவருக்குத் தூக்கத்தின் நெருக்குதலும் அதே வேளையில்தான் ஏறி நிற்கிறது.

பிறகு ஏன் பழகியதுபோல் தோன்றுகிறது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 2003ஆம் ஆண்டு ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. 14 நாள் தினமும் 6 மணி நேரமே படுக்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. ஆனால் அவர்களைக் கேட்டால், சற்றே தூக்கக் கலக்கம் என்றுதான் சொன்னார்கள். தன் குறையை உணரும் திறனும் தூக்கத்தோடு போய்விடுகிறது. ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்ற சாட்சியத்தை அதனால்தான் ஏற்க முடியாது.

அடுத்து, ‘நோயாளிக்குக் கேடில்லை, மூத்தவர்கள் கவனித்துக்கொள்வார்கள்’ என்கிறார்கள். பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், 24 மணி நேரத்தைத் தாண்டும் பழைய முறையையும் 16 மணி நேரத்துக்கு மேற்படாத புதிய முறையையும் சைஸ்லர் குழு ஒப்பிட்டது. 2004-இல் வந்த முடிவு: பழைய முறையில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்கள் செய்த கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகம். நோயைக் கணிப்பதில் செய்த கடுமையான தவறுகள் 5 மடங்குக்கும் மேல். இது மூத்தவர்கள் உடனிருந்த மருத்துவமனையில் நடந்தது! மறு ஆண்டு வந்த ஆய்வு பயிற்சி மருத்துவர்களின் உயிரையே பற்றியது. நீண்ட டியூட்டி முடித்து வண்டியோட்டி வீடு திரும்பியபோது அவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் கூடியிருந்தது.

எதிர்த்தரப்பில் நியாயமான வாதமும் ஒன்று உண்டு. டியூட்டி அடிக்கடி மாறினால் நோயாளியின் விவரம் கைமாறும்போது தவறிப்போகும் என்பது அது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்கக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஆறில், நேரத்தைக் குறைத்த பிறகு தவறுகள் கூடவே செய்தன. சைஸ்லரும் பங்கேற்ற ஆய்வு அது. முடிவை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு மருத்துவர் பார்க்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. அதைக் கணக்கில் எடுத்ததும் அந்த வேறுபாடு மறைந்தது. நேரத்தைக் குறைத்தால் ஆளைக் கூட்ட வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். விவரம் கைமாற்றுவதையும் செம்மைப்படுத்த முடியும்: அதற்கென ஒழுங்கான நடைமுறையைக் கொண்டுவந்த ஒன்பது மருத்துவமனைகளில் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததை 2014ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

‘அனுபவம் குறையும்’ என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. பகலில் கற்றது நினைவில் ஊன்ற உறக்கமும் வேண்டும்.

நம் நாட்டு விதி என்ன சொல்கிறது? தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகள் ‘நியாயமான’ பணி நேரமும் ‘நியாயமான’ ஓய்வும் வேண்டும் என்கின்றன. எத்தனை மணி நேரம் என்று எண் குறிக்கவில்லை. எண் இல்லாத விதி 36 மணி நேர டியூட்டியைத் தடுக்காது. ஆணையம் அந்த எண்ணை எழுத வேண்டும். கூடுதல் மருத்துவர்களுக்கான பணத்தை அரசுகள் ஒதுக்க வேண்டும்.